கூட்டமில்லாத கரீபியன் தீவு: முட்டிவலி அம்மா, இரண்டு பிள்ளைகளோடு எங்கே போகலாம்?

மழைக்குருவி

வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். ஏப்ரல் விடுமுறையில் ஒரு வாரம் எங்காவது கடலோரம் போக வேண்டும். நான், கணவர், 9 வயது மகள், 4 வயது மகன். தஞ்சாவூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முட்டிவலி, படியைப் பார்த்தாலே உட்கார்ந்துவிடுவார். அப்பா சுத்த சைவம். காலையில் பில்டர் காபி இல்லையென்றால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நல்ல நாள் இல்லை.

இரண்டு வருடம் முன்னால் பெரிய கப்பலில் போனோம். லிப்டுக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, கரையில் இறங்கினால் நகைக்கடை. மகள் ஆமை பார்க்க ஆசைப்பட்டாள். கிடைத்தது ஆமை படம் போட்ட பனியன். இந்த முறை சின்னத் தீவு, மரம், பறவை, அமைதியான கடல், சமைக்க ஒரு அடுப்பு. இவ்வளவு போதும்.

இன்னொரு விஷயம். எனக்கும் கணவருக்கும் ஹெச்-1பி வேலை விசா. பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரை காலாவதியாகிவிட்டது, நீட்டிப்புக் கடிதம் ஐ-797 மட்டும் கையில் இருக்கிறது. அதனால் ஏதாவது சிக்கல் வருமா?

சுண்டல்

ஆறு பேர், அதில் ஒருவர் நாலு வயது, ஒருவர் முட்டிவலி. எல்லாம் உள்ளடக்கிய ரிசார்ட்டில் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். அமைதி வேண்டுமென்றால் அறைக்கதவைச் சாத்தினால் போச்சு.

கடலோடி

சுண்டல் வழக்கம்போல. மழைக்குருவி, 'அமைதியான கரீபியன் தீவு' என்று தேடினால் ஐம்பது பெயர் வரும். எல்லாம் ஒரே மாதிரி இல்லை. எரிமலையிலிருந்து எழுந்தவை செங்குத்து, பச்சை, மழை, கறுப்பு மணல். சாபா, டொமினிக்கா, மொன்செராட் எல்லாம் அந்த வகை. போனேர் போன்றவை வறண்ட தட்டைத் தீவுகள். முள்செடி, உப்பளம், பூநாரை. கடலுக்கு உள்ளேதான் தோட்டம். முதல் வகை காலுக்கு வேலை, இரண்டாவது நீச்சலுக்கு. குடும்பத்தில் யாருக்கு எது முடியாதோ அதிலிருந்து கழித்துக்கொண்டு வாருங்கள்.

எனக்குப் பிடித்தது சாபா. 13 சதுர கிலோமீட்டர், சுமார் 2,000 பேர். அங்கே சாலையே போட முடியாது என்று பொறியாளர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஜோசப்பஸ் லாம்பர்ட் ஹாசல் என்ற உள்ளூர்க்காரர் தபால்வழியில் பொறியியல் படித்துவிட்டு வந்து 1938-ல் வேலையை ஆரம்பித்தார், ஊர்க்காரர்கள் கையாலேயே போட்டார்கள். 1947-ல் முதல் ஜீப் வந்து இறங்கியது. விமான ஓடுபாதை சுமார் 400 மீட்டர், இரண்டு முனையிலும் பாறையும் கடலும். வணிக விமானம் இறங்கும் ஓடுபாதைகளில் உலகிலேயே மிகச் சின்னது அதுதான். மவுண்ட் சீனரி உச்சிக்கு ஆயிரத்துச் சொச்சம் கல்படி. மேலே மேகத்துக்குள் பாசி தொங்கும் காடு. சாபா நெதர்லாந்தைச் சேர்ந்தது. அந்த நாட்டிலேயே உயரமான இடம் இந்தக் கரீபியன் மலைதான் என்றால் பலர் நம்பமாட்டார்கள்.

ஆனால் உங்களுக்கு வேண்டாம். ஊரே படி. இயற்கையான நிரந்தரக் கடற்கரை கிடையாது, மணல் சில மாதம் வந்து சில மாதம் போய்விடும். நாலு வயதுப் பையன் மண்வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவான்?

காகிதப்புலி

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் விசா. முத்திரை இல்லாமல் அமெரிக்காவை விட்டு வெளியே போனால் திரும்ப வர முத்திரை குத்த வேண்டும். மெக்சிகோ, கனடாவுக்குக் குறுகிய பயணம் போனால் சலுகை உண்டு. கரீபியன் தீவுகளுக்கு அந்தச் சலுகை மாணவர்களுக்கும் பரிமாற்ற விசாக்காரர்களுக்கும் மட்டும்தான். ஹெச்-1பிக்குக் கிடையாது.

அதனால் உங்களுக்கு இரண்டே கதவு. போர்ட்டோ ரிக்கோ பக்கம் வியேக்கஸ், குலேப்ரா. இல்லையென்றால் அமெரிக்க விர்ஜின் தீவுகளில் செயிண்ட் ஜான். இவை அமெரிக்க மண், போனால் நாட்டை விட்டு வெளியேறியதாகக் கணக்கு இல்லை. ஆனால் விர்ஜின் தீவுகள் அமெரிக்கச் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதால் திரும்பும்போது செயிண்ட் தாமஸ் தீவு விமான நிலையத்தில் அதிகாரி உட்கார்ந்திருப்பார். ஆறு பேர் பாஸ்போர்ட், ஐ-797, அப்பா அம்மாவின் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) பிரதி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் போட்டு அனுப்பாதீர்கள்.

முக்கியம்: செயிண்ட் ஜானிலிருந்து 'பக்கத்துத் தீவுக்கு ஒரு நாள் படகு' என்று ஆசை காட்டுவார்கள். பக்கத்துத் தீவு பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகள், வேறு நாடு. கண்ணுக்கு எட்டிய தூரம்தான், நீந்தியே போகலாம் போலத் தோன்றும். நீங்கள் ஏறவே கூடாது.

மழைக்குருவி

ஐயோ, இது தெரியாமல் படகுச் சவாரி ஒன்றைக் குறித்து வைத்திருந்தேன். அதே பிரிட்டிஷ் பக்கத்து ஜோஸ்ட் வான் டைக் தீவுக்கு. நீக்கிவிட்டேன். நன்றி அண்ணா.

பாரிஸ்பக்கம்

மழைக்குருவி, உங்களுக்கு இப்போதைக்கு உதவாது. ஆனாலும் பிரான்சில் இருந்து வாசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நாங்கள் போன வருடம் குவாதலூப் போனோம். பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில் ஏறினால் எட்டரை மணித்தியாலம் அளவில் இறக்கிவிடுகிறார்கள். நாங்கள் தங்கினது பெரிய தீவில் இல்லை, லே சாந்த் என்கிற குட்டித் தீவுக் கூட்டத்தில் தெர்-தெ-ஓ. துருவா-ரிவியேரில் இருந்து படகில் இருபது நிமிடம் வரும். கார் மிகக் குறைவு, மின்சார வண்டியும் ஸ்கூட்டரும்தான். ஆடு, உடும்பு மாதிரி இகுவானா, வடிவான குடா. பின்னேரம் ஐந்து மணிக்குப் பகல் பயணிகள் படகேறிப் போனதும் ஊர் எங்களுடையது. காலையில் படகுத்துறையில் 'தூர்மான் தாமூர்' என்று தேங்காய்ப்பூ வைத்த குட்டிக் கேக் சூடாக விற்பார்கள். என் மகன் இன்னும் அதைப் பற்றித்தான் கதைக்கிறான்.

சொல்ல வந்தது வேறு. படகுத்துறைக்குப் போகும் வழியில் காப்பெஸ்டெர் என்கிற ஊர்ப்பக்கம் சாலையோரம் கோபுரம். சாங்கி கோயில். காரை நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டேன். 1854 தொடங்கி 40,000 பேருக்கு மேல் இந்தியாவில் இருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாண்டிச்சேரி, காரைக்காலில் கப்பலேறின தமிழர்கள் அதிகம். மாரியம்மனை 'மாலியெமின்' என்கிறார்கள். கடைப் பெயர்ப்பலகையில் ராமஸ்ஸாமி என்று பிரெஞ்சு எழுத்தில் இருக்கும், உள்ளே போய்த் தமிழில் கேட்டால் சிரிப்பார்கள், ஒரு சொல்லும் தெரியாது. குழம்புக்கு அங்கே பெயர் 'கொலொம்போ'. கொழும்பில் பிறந்த நான் கொலொம்போ சாப்பிட்டேன். மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு எல்லாம் சரி. உறைப்பு மட்டும் காணாது.

விசா விஷயம்: குவாதலூப் பிரான்ஸ்தான், ஆனால் ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வட்டம்) இல்லை. ஊரில் இருந்து சாதாரண ஷெங்கன் விசாவில் வந்த அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. கடல் கடந்த பகுதிகளுக்கும் செல்லும் என்று விசாவில் எழுதியிருக்க வேண்டும். எங்கள் அக்கா குடும்பம் இதைக் கவனிக்காமல் ஓர்லி வரை வந்து திரும்பிப் போனார்கள்.

கடலோடி

அருமையான பதிவு. இதைத் தனி இழையாகவே எழுதுங்கள்.

வேப்பம்பூ

கடலோடி சொன்ன சாபாவைவிட டொமினிக்காவுக்குத்தான் என் ஓட்டு. மகனுக்கு 14 வயதில் கூட்டிப்போனேன். கொதிக்கும் ஏரி வரை போய்த் திரும்ப ஒரு முழு நாள் நடை. நடுவில் கந்தகம் நாறும் பள்ளத்தாக்கு, காலுக்குப் பக்கத்தில் தண்ணீர் தளதளக்கிறது. ஏரி சோற்றுப்பானை மாதிரி நிஜமாகவே கொதிக்கிறது. வரும் வழியில் டிட்டூ என்கிற குறுகிய மலையிடுக்கில் குளிர்ந்த தண்ணீரில் நீந்தினோம். கைபேசியைத் தொடாமல் அவன் அப்படி ஒரு நாள் இருந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் ஆழமாகிவிடுவதால் எண்ணெய்த் திமிங்கிலம் வருடம் முழுக்க உண்டு. 2023-ல் அதற்கென்றே கடல் காப்பகம் அறிவித்தார்கள். காலிநாகோ பழங்குடி மக்களின் பகுதியில் மரவள்ளிக்கிழங்கு ரொட்டி சுட்டுத் தந்தார்கள். சேப்பங்கிழங்கு இலையில் 'காலலூ' சூப், சைவமாகவும் செய்வார்கள், கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் நண்டு விழுந்துவிடும். வெள்ளை மணல் தேடுகிறவர்கள் அங்கே போகாதீர்கள். அது அங்கே இல்லை, அதனால்தான் கூட்டமும் இல்லை. 2017 மரியா புயல் அந்தத் தீவைத் துவைத்துப் போட்டது. மலையில் பச்சை திரும்பிவிட்டது, கூரையில்லாத வீடுகள் மட்டும் அங்கங்கே நின்றன.

சுண்டல்

கொதிக்கும் ஏரிக்கு ஒரு முழு நாள் நடந்து போவதற்குப் பெயர் விடுமுறையா?

வேப்பம்பூ

அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதற்கு என்ன பெயரோ அதற்கு எதிர்ச்சொல்.

மின்மினி

வியேக்கஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலிருந்து சேய்பா துறைமுகம் போய்ப் படகு. படகில் தீவுக்காரர்களுக்குத்தான் முன்னுரிமை, பெட்டி படுக்கையோடு ஆறு பேர் என்றால் சின்ன விமானத்தையும் விசாரித்து வையுங்கள். சாலையில் குதிரை தன் பாட்டுக்கு மேயும். கொசு விரிகுடா என்று ஒன்று இருக்கிறது, பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இரவில் துடுப்பு போட்டால் தண்ணீரில் நீலமாக வெளிச்சம் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்ணுயிர் அசைவு பட்டதும் மின்னுகிறது. உலகிலேயே பிரகாசமானது என்று கின்னஸில் ஏறியது. அமாவாசையை ஒட்டித்தான் போக வேண்டும். பௌர்ணமியில் போய் 'ஒன்றும் தெரியவில்லை' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். உள்ளே நீந்தத் தடை.

அமெரிக்கக் கடற்படை 2003 வரை அங்கே குண்டு போட்டுப் பழகியது. அந்த நிலம் இப்போது வனவிலங்குக் காப்பகம். வெடிக்காத குண்டு இன்னும் புதைந்திருப்பதால் பலகை வைத்த எல்லையைத் தாண்டக் கூடாது. நாலு வயதுப் பையனை அங்கே ஓடவிட நான் கொஞ்சம் யோசிப்பேன்.

இரட்டைவால்

செயிண்ட் ஜான் மூன்று முறை போயிருக்கிறேன், ஒரு முறை என் மாமியாரோடு. அவருக்கும் முட்டி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தீவு 50 சதுர கிலோமீட்டர். பாதிக்கு மேல் தேசியப் பூங்கா. லாரன்ஸ் ராக்ஃபெல்லர் நிலத்தை வாங்கிக் கொடுத்து 1956-ல் ஆரம்பித்தது, அதனால்தான் வடகரையில் ஹோட்டல் வரிசை இல்லை. விமான நிலையம் கிடையாது. செயிண்ட் தாமஸில் இறங்கி, டாக்சியில் ரெட் ஹுக், அங்கிருந்து படகில் இருபது நிமிடம் குரூஸ் பே. இந்த மூன்று கை மாற்றம்தான் தீவைக் காப்பாற்றுகிறது. கப்பல் பயணிகள் பகல் 10 மணிக்கு மேல் டிரங்க் பே கடற்கரைக்கு வந்து 3 மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் தயிர்சாதம் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

உங்களுக்கான கடற்கரை மாஹோ பே. அலை கிடையாது, ஆழம் மெதுவாகத்தான் ஏறும். கடல்புல் மேய வரும் பச்சை ஆமை இடுப்பளவுத் தண்ணீரிலேயே தெரியும். தொடக் கூடாது, துரத்தக் கூடாது, மகளிடம் முன்பே சொல்லிக் கூட்டிப்போங்கள். காரை நிறுத்தினால் பத்தடியில் மணல், அம்மாவுக்குப் படியே இல்லை. பக்கத்தில் பிரான்சிஸ் பேயில் உப்பு ஏரியின் ஓரமாகப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், மட்டமான நடை. கூழைக்கடா தலைகீழாகக் கடலில் விழுவதை நின்று பார்க்கலாம்.

இப்போது கெட்ட செய்தி. ஒன்று, வண்டி இடப்பக்கம் ஓட்ட வேண்டும், ஆனால் ஸ்டியரிங்கும் இடப்பக்கமே. சாலை மலைமேல் கொண்டை ஊசி. இரண்டு, மளிகை விலை. எல்லாம் கப்பலில் வருகிறது. அரிசி, பருப்பு, காபிப்பொடி வீட்டிலிருந்தே கட்டுங்கள். மூன்று, தண்ணீர். வீட்டுக் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் குளிக்க, துவைக்க. நம் ஊரில் 2003-ல் சட்டமான மழைநீர் சேகரிப்பு அங்கே எப்போதுமே வாழ்க்கை. குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கிற ஆட்களைக் கண்டித்து வையுங்கள். நான்கு, தீவில் சின்ன மருத்துவ நிலையம்தான். பெரிதாக எதுவும் என்றால் ஆம்புலன்ஸ் படகில் செயிண்ட் தாமஸ். பெரியவர்களுக்குப் பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்பாதீர்கள்.

மழைக்குருவி

அண்ணா, பாதி முடிவு பண்ணிவிட்டேன். சில சந்தேகம். ஏப்ரலில் கடற்பாசி கரையில் ஒதுங்கி நாறும் என்கிறார்களே? கொசு எப்படி? பையனுக்கு எந்த சன்ஸ்கிரீன்?

கடலோடி

அது சர்காசம் பாசி. 2011-லிருந்து பெரும்பாலான வருடங்களில் டன் டன்னாக வருகிறது. அட்லாண்டிக்கைப் பார்த்த கிழக்குக் கரையிலும் தெற்குக் கரையிலும்தான் குவியும். அழுகினால் கூமுட்டை வாசம். தீவைத் தேர்ந்தெடுப்பதைவிட எந்தப் பக்கக் கரை என்று தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். மாஹோ வடக்கு, பெரும்பாலும் தப்பிக்கும். புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் முடிய, அதற்கு முன்பே நீங்கள் திரும்பிவிடுகிறீர்கள்.

சன்ஸ்கிரீனில் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோகிரிலீன் மூன்றும் அங்கே 2020-லிருந்து தடை, பவளத்துக்கு விஷம். துத்தநாக ஆக்சைடு போட்டது வாங்குங்கள். அதைவிட முழுக்கைச் சட்டை மேல். கொசுவைவிட, பொழுது சாயும் நேரத்தில் கண்ணுக்கே தெரியாத மணல் பூச்சி கடிக்கும். ஐந்தரைக்குக் கரையை விட்டுக் கிளம்பினால் பிரச்சினை பாதி குறையும்.

இன்னொன்று, மான்சினீல் மரம். கடற்கரையிலேயே நிழல் தரும், குட்டி ஆப்பிள் மாதிரி பச்சைப் பழம். கடித்தால் தொண்டை வெந்துவிடும். மழையில் அதன் கீழே ஒதுங்கினாலே சொட்டும் பால் பட்டுத் தோல் கொப்பளிக்கும். சில இடத்தில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், எல்லா இடத்திலும் இல்லை. கீழே கிடக்கும் எந்தப் பழத்தையும் எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு ஒரே விதியாகப் போட்டுவிடுங்கள்.

மழைக்குருவி

(மூன்று மாதம் கழித்து)

போய் வந்தாயிற்று. செயிண்ட் ஜான், ஏழு இரவு. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் நாள் கணவர் ஜீப்பை வலப்பக்கம் திருப்பினார். பின்னாலிருந்து அப்பா 'லெப்ட்ல போ மாப்ள' என்று கத்தினார். அன்றிலிருந்து வாரம் முழுக்க அப்பாதான் வழிகாட்டி. நாற்பது வருடம் டிவிஎஸ் ஓட்டியவருக்கு அமெரிக்காவில் முதல் முறையாக ஒரு சாலை புரிந்தது. ஒரு காலன் பால் வாங்கிய ரசீதை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறார், வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்.

மாஹோ பேக்குத் தினமும் காலை ஏழரைக்கே போய்விடுவோம். முதல் இரண்டு நாள் ஆமை இல்லை. மகள் முகம் போன போக்கைப் பார்த்து, கப்பலே தேவலை போலிருக்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் பயம். மூன்றாம் நாள் அவள் தேடுவதை விட்டுவிட்டுத் தம்பியோடு மணலில் தோண்டிக்கொண்டிருந்தபோது, தண்ணீரில் இடுப்பளவில் நின்ற அம்மா கையைத் தட்டினார். அவர் காலிலிருந்து ஆறடியில் ஒரு ஆமை தலையைத் தூக்கி மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பக் குனிந்து புல்லை மேய்ந்தது. மாடு மாதிரி. அம்மா புடவையில்தான் நின்றார், நீச்சலுடை எல்லாம் அவரிடம் நடக்காது. அரை மணி நேரம் அசையவில்லை. முட்டிவலி என்று ஒரு வார்த்தை வரவில்லை, தண்ணீர் தாங்கியதோ என்னவோ.

சரியில்லாததும் சொல்ல வேண்டும். வாடகை வீட்டின் விளம்பரத்தில் 'சில படிகள்' என்று இருந்தது. எண்ணினேன், 31. அம்மா ஒரு நாளைக்கு ஒரு முறைதான் இறங்கி ஏறினார். வீடு எடுக்கிறவர்கள் கார் நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை எத்தனை படி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு முறை கரண்ட் போனது. கரண்ட் இல்லையென்றால் தொட்டி பம்ப் ஓடாது, தண்ணீரும் இல்லை. எனக்குக் கோபம். அம்மா அதற்கு முந்தைய இரவே இரண்டு பெரிய பாத்திரத்தில் பிடித்து மூடி வைத்திருந்தார்.

கிழக்குப் பக்கம் போனபோது கைபேசி பிரிட்டிஷ் தீவு கோபுரத்தைப் பிடித்து ரோமிங் கட்டணம் ஏறியது. அங்கே போனால் ரோமிங்கை அணைத்துவிடுங்கள். படகேறாமலே வெளிநாடு போய் வந்த மாதிரி ஆகிவிட்டது.

அன்னபெர்க்கில் பழைய கரும்பாலை இடிபாடு. அடிமைகள் அடுக்கிய சுவரில் பவளக்கல்லை வெட்டி வைத்திருக்கிறார்கள். மகள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்க இரவு வரை ஆனது. சாலையோரம் ஒரு புளியமரம் பார்த்தோம். நிறைய காய். அம்மா கை நீட்டிவிட்டு, நான் முறைத்ததும் இறக்கிக்கொண்டார். கடலோடி அண்ணாவின் விதி பெரியவர்களுக்கும் பொருந்தும் என்று மகள் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

திரும்பும்போது விமான நிலைய அதிகாரி ஐ-797-ஐப் பார்த்தார், இரண்டு கேள்வி, அவ்வளவுதான். காகிதப்புலி அண்ணாவுக்கு நன்றி.

காகிதப்புலி

மகிழ்ச்சி. புது முத்திரை குத்திய பிறகு அந்தப் பக்கத்துத் தீவுக்கும் போய் வாருங்கள்.

கடலோடி

அதற்கு முன்னால் சாபா.

மழைக்குருவி

அந்த ஓடுபாதை வீடியோவை மகள் அப்பாவிடம் காட்டிவிட்டாள். தான் வீட்டிலேயே இருந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்கிறார்.

புதுவரவு

இழை முழுவதும் படித்தேன், நன்றி. ஒன்றரை வயதுக் குழந்தையோடு டிசம்பரில் செயிண்ட் ஜான் போகிறோம். படகில் ஸ்ட்ரோலர் ஏற்றலாமா?

இரட்டைவால்

மடித்து ஏற்றலாம், பெட்டிக்குத் தனியாகக் கட்டணம் கேட்பார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மணலில் உருளாது, மலைச்சாலையில் நடைபாதையும் கிடையாது. முதுகில் சுமக்கிற தூளிப்பை எடுத்துப் போங்கள். கார் சீட்டை வாடகைக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், டிசம்பரில் கிடைக்காது.